பெட்டிக்குள் இருக்கும் பேத்திக்காக எழுதிய ஆச்சிக்கு

தேவகோட்டையிலிருந்து வந்த இரண்டு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"சிஸ்டர், என் மகளுக்கு இது தலைப்பிரசவம். பிரஷர் ஏறிவிட்டது என்று 31-ஆவது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, 1,380 கிராம். காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இன்று ஒன்பதாம் நாள். எடை 1,290 கிராமாக இறங்கிவிட்டது. மழை நாளில் பிள்ளைக்கு ஒரு சட்டைகூடப் போடவில்லை. இப்போது என் மகளைக் கூப்பிட்டு, பிள்ளையை வெளியே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெட்டியில் வைக்க வேண்டிய பிள்ளை என்றால் ஏன் வெளியே எடுக்க வேண்டும்? வெளியே எடுக்கலாம் என்றால் எதற்குப் பெட்டி? எங்கள் உறவில் ஒருவர், அட்டைப்பெட்டியில் பல்பு மாட்டி வீட்டிலேயே பிள்ளையை வளர்த்ததாகச் சொல்கிறார். நாமும் அப்படிச் செய்யலாமா? பிள்ளையார் நோன்புக்குள் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுமா?"

ஆச்சி, 22 வருடமாகப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பெட்டியைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "எடுக்கலாம் என்றால் எதற்குப் பெட்டி" என்று இவ்வளவு நேராகக் கேட்டது நீங்கள்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் எடையைப் பேசிவிடுவோம், உங்களுக்குத் தூக்கம் போயிருப்பது அதனால்தான் என்று தெரிகிறது.

பிறந்த முதல் வாரத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை இறங்கும். வயிற்றுக்குள் இருந்தபோது உடம்பில் சேர்ந்திருந்த நீர் வடிகிறது. குறைமாதப் பிள்ளைக்கு இது கூடுதலாகவே இருக்கும். பிறந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கலாம் என்று எதிர்பார்த்தேதான் நாங்கள் இருப்போம். உங்கள் பேத்திக்கு இறங்கியது 90 கிராம், ஏறக்குறைய ஆறரை சதவீதம். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அப்புறம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் என்று ஏற வேண்டும். உங்கள் பேத்திக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 20, 25 கிராம். அந்த 20 கிராமுக்காகத்தான் அந்தப் பெட்டியே.

எப்படி என்று சொல்கிறேன். பிள்ளைக்கு உள்ளே போவது கொஞ்சம் பால். அந்தப் பாலின் சத்தைக் கொண்டு மூச்சு விட வேண்டும், செரிக்க வேண்டும், வளர வேண்டும். குளிர் பட்டுவிட்டால் அத்தனையும் சூடு உண்டாக்குவதிலேயே எரிந்துபோகும். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும். பச்சைப்பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகப் பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் ஒருவகைப் பழுப்புநிறக் கொழுப்பு இருக்கும். அதை எரித்துத்தான் சூடாகும். அந்தக் கொழுப்பு சேர்வது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். 31 வாரத்தில் பிறந்த பிள்ளையிடம் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. தோல் மெல்லியது, எடைக்குப் பார்த்தால் உடம்பின் பரப்பும் அதிகம். பச்சிளங்குழந்தையின் உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். சிறு குளிர் என்று நாம் நினைப்பதே அந்த உடம்புக்குப் பெரிய செலவு.

சூடு எந்த வழியாகப் போகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும் ஆச்சி, நீங்கள் வாழ்வதே அப்படி ஒரு வீட்டில். நம் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராக இருக்கும், காற்று தடையில்லாமல் ஓடும். அந்தக் காற்று பிள்ளையின் உடம்புச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஆத்தங்குடித் தரைக்கல்லில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று ஏறும். தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் வழியே சூடு இறங்குவது அப்படித்தான். கோடையில் முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் அதைச் சுற்றியுள்ள வளவே குளிரும். ஈர உடம்போடு பிறந்த பிள்ளை குளிர்வதும் அதே கணக்கு. நாலாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவருக்குப் பக்கத்தில், அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாலும் குளுமை தெரியுமில்லையா? நம் உடம்புச் சூட்டை அந்தச் சுவர் வாங்கிக்கொள்கிறது. அறைக்காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் சுற்றிலும் குளிர்ந்த சுவர் இருந்தால் பிள்ளை சூட்டை இழந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த நாலு வழியையும் அடைப்பதுதான் இன்குபேட்டர் என்கிற இந்தப் பெட்டியின் வேலை. படுக்கைக்கு அடியில் ஒரு ஹீட்டரும் ஒரு விசிறியும் இருக்கின்றன. வெளிக்காற்று ஒரு வடிகட்டி வழியாக உள்ளே வந்து, சூடாகி, ஈரம் சேர்ந்து, பிள்ளையைச் சுற்றி மெதுவாக ஓடும். ஈரம் எதற்கென்றால், மெல்லிய தோல் வழியாக உடம்பின் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க. சில பெட்டிகளில் கண்ணாடி மாதிரியான அந்தச் சுவர் இரட்டையாக இருக்கும், இடையில் சூடான காற்று. பிள்ளைக்கு எதிரே இருக்கும் சுவர் குளிராமல் இருக்கத்தான் அது. பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஜன்னல்கள் கையை மட்டும் விடுவதற்கு. பெரிய கதவைத் திறந்தால் உள்ளே உள்ள சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால் துணி மாற்றுவது, சூடு பார்ப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்த்துச் செய்துவிட்டு மூடிவிடுவோம்.

சட்டை போடாததற்கும் காரணம் இதுதான். பேத்தியின் வயிற்றில் வெள்ளி நிறத்தில் சிறு வட்டம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலின் சூட்டை அளந்து பெட்டிக்குச் சொல்லும். பிள்ளை குளிர்ந்தால் ஹீட்டர் கூடும், சூடானால் குறையும். அதோடு, நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது, நிறம் மாறுகிறதா என்று நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைகள் சில சமயம் மூச்சு விடுவதையே மறந்துவிடும். முதுகைத் தடவிக் கொடுத்தால் பெரும்பாலும் திரும்ப விட ஆரம்பித்துவிடும். துணிக்குள் சுற்றி வைத்திருந்தால் அதைக் கவனிக்கச் சுணங்கும். அலாரம் அடிக்கும்போதெல்லாம் உங்கள் மகள் பதறுவாள். அந்த வெள்ளி வட்டம் லேசாகக் கழன்றாலும் அலாரம் அடிக்கும். சிஸ்டர் ஓடாமல் நடந்து வந்தால் விஷயம் பெரிதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் பாசத்தில் பெட்டியை விரலால் தட்டிக் கூப்பிடுகிறார்கள். வெளியே நமக்குச் சிறு சத்தம். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது இடி. பெட்டி மேல் பையை வைப்பதும் அப்படித்தான். நீங்கள் ஆயா (அம்மாவின் அம்மா), நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம், நம் மக்கள் என்.ஐ.சி.யூ. என்கிற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள எல்லாவற்றையும் 'பெட்டி' என்றே சொல்கிறார்கள். மேலே திறந்திருந்து, தலைக்கு மேல் ஹீட்டர் எரிந்தால் அது வார்மர். நீல வெளிச்சம் காமாலைக்கு. இன்குபேட்டர் தருவது சூடு, ஈரம், அமைதி, கிருமி குறைந்த காற்று. மூச்சுக்கு உதவுவது வேறு கருவி. இதைப் பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், அங்கே ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் கோழி முட்டைகளைச் செயற்கையாக அடைகாக்கும் பெட்டியைப் பார்த்தார். அதே மாதிரி குழந்தைக்கும் செய்யலாமே என்று தோன்றியது. அடியில் வெந்நீர், மேலே பிள்ளைகள், அவ்வளவுதான். இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில் அவருடைய மருத்துவமனையில் 66 சதவீதமாக இருந்த இறப்பு 38 சதவீதமாக இறங்கியது. மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் வெதுவெதுப்பு. தாய்க்கோழி செய்வதைத்தான் அந்தப் பெட்டி செய்தது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது சிலிர்ப்பாக இருக்கும்.

அடுத்த கட்டத்தில் ஒரு பெரிய தவறும் நடந்தது. 1940-களில் பெட்டிகள் நன்றாக மூடும்படி வந்தபோது, உள்ளே ஆக்சிஜனை அளவில்லாமல் விட்டார்கள். நல்லதுதானே என்ற எண்ணம். பிழைத்த பிள்ளைகள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தார்கள். அதிக ஆக்சிஜன் குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் இன்னும் வளர்ந்து முடியாத ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது என்று 1950-களில்தான் உறுதியானது. இன்றைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது காலில் சிவப்பு விளக்குக் கட்டி அளந்து அளந்து கொடுக்கிறோம். இருந்தாலும் இந்தக் கண் நோய் ஒழிந்துவிடவில்லை. அதனால் 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், கண் பார்க்க நன்றாக இருந்தாலும், பிறந்த 30 நாளைக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். உங்கள் பேத்தி இரண்டு கணக்கிலும் வருகிறாள். சரியான நேரத்தில் பார்த்தால் சிகிச்சை இருக்கிறது. விட்டுவிட்டால் போன பார்வையைத் திருப்பித் தர முடியாது. 'பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே' என்று இந்தத் தேதியைத் தவறவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டாலும் இந்த ஒரு பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

பெட்டி ஒரு வேலையை மிக நன்றாகச் செய்கிறது. சூட்டைக் காக்கிறது. ஆனால் அதற்கு நெஞ்சுத் துடிப்பு கிடையாது, மணம் கிடையாது, பால் கிடையாது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்து கிருமி தொற்றிக்கொண்டிருந்த நிலையில், தாய்மாரையே நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர். பெட்டி இல்லாத இடத்தில் செய்கிற மாற்று வேலை என்றுதான் ரொம்ப நாள் நாங்களும் நினைத்தோம். 2021-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த பிள்ளைகள். ஒரு பாதியைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சில் வைக்க ஆரம்பித்தார்கள். மறு பாதி, உடல்நிலை தேறிய பிறகு. முதல் 28 நாளில் இறப்பு, முதல் கூட்டத்தில் 12 சதவீதம். இரண்டாவதில் 15.7. அதற்கடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், பிறந்ததிலிருந்து முடிந்தவரை சீக்கிரம், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் நெஞ்சில் வைத்திருக்கப் பரிந்துரைத்தது. தானாக மூச்சு விட முடியாத, ரத்த ஓட்டம் தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும் பொறுக்க வேண்டும். உங்கள் மகளைக் கூப்பிட்டார்கள் என்றால் பேத்தி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்த செய்தி அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் தாய்மாரை உள்ளே விடமாட்டோம். கிருமி வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினோம். நாளைக்கு ஒரு தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். பால் கட்டிய வலியோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், நேரம் முடிந்தது கிளம்பும்மா என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆகவே உங்கள் மகளை உள்ளே கூப்பிடுகிறவர்கள் மேல் சந்தேகப்படாதீர்கள் ஆச்சி. கை கழுவிக்கொண்டு உடனே போகச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். தாயின் மார்புக்கு நடுவில் நிமிர்ந்தாற்போல, தவளை மாதிரி காலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அடைபடாமல். மேலே துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய கண்டாங்கிச் சேலையை விட நல்ல துணி எனக்குத் தெரியாது. சங்கிலி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். தூக்கித் தூக்கி வைப்பது பிள்ளையைக் களைப்பாக்கும்.

பாலும் இதோடு சேர்ந்ததுதான். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சு விடும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் பிள்ளைக்கு அமையும். அதுவரை குழாய், அப்புறம் மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை. ஆமாம், உங்கள் வீட்டில் வெள்ளியில் இருக்குமே, அதே பாலாடைதான். மருத்துவமனையில் எவர்சில்வரில் கொதிக்க வைத்துக் கொடுப்போம். பிள்ளை இன்னும் வாயில் குடிக்கவில்லை என்று மகள் பால் எடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. இரவிலும் சேர்த்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து சொட்டு வந்தாலும் அந்தப் பத்து சொட்டு வேண்டும்.

பல்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம். பல்புக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. 37.5-ஐத் தாண்டிய சூடும் பிள்ளைக்கு ஆபத்து. நீர் வற்றும், மூச்சு நிற்கும், தோல் வெந்துபோகும். வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைப்பதும் அப்படியே. உங்கள் உறவுக்காரரின் பிள்ளை பிழைத்தது பெரிய பாக்கியம். பேத்திக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

நோன்புக்குள் வருமா என்று கேட்டீர்கள். பெட்டிக்கு வெளியே சூடு நிற்க வேண்டும், எல்லாப் பாலையும் வாயால் குடிக்க வேண்டும், தொடர்ந்து சில நாள் எடை ஏற வேண்டும், மூச்சு நடுவில் நிற்காமல் இருக்க வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் கூடி வர மொத்தத்தில் நாலைந்து வாரம் ஆவது சாதாரணம். தேதி வைத்து டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். அடுத்த நோன்புக்குப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இழை எடுக்கும் சடங்கைச் செய்துகொள்ளலாம்.

வரும் நாளுக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள். பட்டாலையும் வளவுப் பத்தியும் காற்றோடும் திறந்த இடங்கள், அங்கே வேண்டாம். வளவை ஒட்டிய உள் அறை ஒன்றைச் சுத்தம் செய்து, சுவரிலிருந்து தள்ளிக் கட்டில் போட்டு, நேர்க்காற்று வராமல் கதவை ஒருக்களித்து வைத்தால் போதும். தரையில் படுக்க வைக்க வேண்டாம். குளிப்பாட்டும் நாளை டாக்டர் சொல்லட்டும், அதுவரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை, உரைமருந்து, சேனை (பிள்ளையின் நாவில் இனிப்பு தொட்டு வைப்பது) மூன்றும் கூடாது. இது நம் பழக்கத்தைக் குறை சொல்வதில்லை. முழுமாதப் பிள்ளை தாங்கியதை இந்த நுரையீரலும் குடலும் தாங்காது. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் சில்லென்றால் உடனே நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சில்லிட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கால் வரை மஞ்சளானாலோ 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள், வழியெல்லாம் நெஞ்சோடு அணைத்தபடி.

தவழவில்லை, உட்காரவில்லை என்று மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு யாராவது பேசினால், முன்கூட்டிப் பிறந்த 9 வாரத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.

இன்னொன்று. பேத்தியை நெஞ்சில் வைத்துக்கொள்ள ஆபரேஷன் வலியோடு இருக்கும் மகளால் நாள் முழுதும் முடியாது. அவள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்பாவோ ஆயாவோ வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் காய்ச்சல், சளி, இருமல், தோல் வியாதி எதுவும் இல்லையென்றால் உங்கள் நெஞ்சும் ஆகும் ஆச்சி. நாளைக்குக் காரைக்குடிக்குப் போகும்போது முன்பக்கம் திறக்கிற ரவிக்கை போட்டுக்கொண்டு, பழைய கண்டாங்கி ஒன்றைத் துவைத்து உலர்த்தி எடுத்துப் போங்கள். வார்டு சிஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கண் பரிசோதனை எந்தத் தேதி, ஆயாவும் வைத்துக்கொள்ளலாமா. முதல் கேள்விக்கு வரும் பதிலைக் காலண்டரில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள்.